அக்காவுக்கு ஏன் கோபம் வரவில்லை?



இந்த மாதம் சேமிப்பு, உள்கடன், வட்டிக் கணக்கு எதையும் பேசப் போவதில்லை. ஒரு உறுப்பினர் எங்களிடம் கேட்ட கேள்வியைத்தான் எழுதப் போகிறோம். கேட்டவரிடமும் அவருடைய அக்காவிடமும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறோம். ஊர் பெயர், ஆள் பெயர், குழு பெயர் எதுவும் இதில் இல்லை. யாராக இருக்கும் என்று தேட வேண்டாம். தேடினால் ஊருக்கு ஒருவர் கிடைப்பார்.

திருப்போரூர் ஒன்றியத்தில் ஒரு குழுக் கூட்டம். பணம் எண்ணி முடித்து, தீர்மான நோட்டு ஒவ்வொரு கையாகச் சுற்றி வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் மட்டும் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னக்கா என்று கேட்டோம். "கையெழுத்துன்னாலே இப்பல்லாம் வயித்தக் கலக்குது மேடம்" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு விஷயத்தைச் சொன்னார். அப்பா விட்டுப்போன ஒண்ணரை ஏக்கர் கழனி. பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நிலத்தை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இன்றைக்கு அந்தப் பக்கம் விலை எங்கேயோ போய்விட்டது, உங்களுக்கே தெரியும். தம்பி விற்க ஆள் பிடித்துவிட்டார். அக்கா தங்கச்சி மூன்று பேரையும் பத்திர ஆபீசுக்கு வரச் சொன்னார். ஆளுக்கு ஒரு பட்டுப்புடவை, கையில் கொஞ்சம் பணம். பங்கை விட்டுக்கொடுத்ததாக 'விடுதலைப் பத்திரம்'. பெரியக்கா கையெழுத்துப் போட்டார். கடைசித் தங்கச்சியும் போட்டார். நடுவில் பிறந்த இவர் போடவில்லை. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் வாயில் இவருக்கு 'ஆசைக்காரி' என்று பெயர்.

"துட்டு கூட எனக்குப் பெரிசில்ல மேடம். மூணு பேரும் ஒரே வூட்ல, ஒரே பானை சோத்துலதான வளர்ந்தோம்? தம்பிக்கு ஒரு ஞாயம், எங்களுக்கு ஒரு ஞாயம்னு பார்த்துப் பார்த்துத்தான வளர்ந்தோம்? எனக்கு வந்த கோவம் அவளுங்களுக்கு ஏன் வரல?"

அன்றைக்கு எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சமூகப்பணி படித்துப் பட்டம் வாங்கியவர்கள்தான். ஆனாலும் இது நோட்ஸ் பார்த்துச் சொல்லும் கேள்வி இல்லை. நிறைய யோசித்தோம். தெரிந்த வாழ்க்கைகளைப் புரட்டினோம். பிறகு அந்தப் பெரியக்காவையே போய்ப் பார்த்தோம். அவர் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறோம்.

ஒரு வீட்டுக்குள் எத்தனை வீடு?

'ஒரே வீட்டில் வளர்ந்தோம்' என்று சொல்கிறோம். உண்மையில் அப்படி இல்லை. தலைப்பிள்ளை பிறந்தபோது இருந்த வீடு வேறு, கடைசிப் பிள்ளை வளர்ந்த வீடு வேறு. இந்த மூன்று பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் 1973-இல் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டில் ராத்திரி ஒரு வேளைதான் சோறு. நடுவுள்ளவர் 1984-இல் பள்ளிக்கூடம் போனவர்; எம்.ஜி.ஆர். 1982-இல் கொண்டுவந்த சத்துணவைச் சாப்பிட்டுப் படித்தவர். கடைசியவர் தலையெடுக்கும்போது அண்ணன் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டார். பிளஸ் டூ வரைக்கும் சைக்கிளில் கொண்டுபோய் விட்டதே அந்த அண்ணன்தான். அவர் நெஞ்சில் இருக்கும் அண்ணன் வேறு, நடுவுள்ளவர் நெஞ்சில் இருக்கும் தம்பி வேறு. ஆள் என்னவோ ஒருத்தர்தான்.

ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வித்தியாசமாக இருக்கிறார்கள் என்று ராபர்ட் புளோமின், டெனிஸ் டேனியல்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1987-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்ட கட்டுரை. அவர்கள் சொன்னதைச் சுருக்கினால் இதுதான்: பிள்ளைகளை ஒரே மாதிரி ஆக்குவது வீட்டின் பொதுவான சூழல் என்று நினைக்கிறோம், ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக என்ன நடந்தது என்பதுதான் அவர்களை வேறு வேறு ஆக்குகிறது. நம்ம ஆயாக்கள் இதையே 'அஞ்சு விரலும் ஒண்ணா இருக்குமா' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் ஏன் ஒண்ணா இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை.

வடைப் பொட்டலம்

எழுத்தாளர் பாமாவைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1958-இல் பிறந்தவர். சொந்த ஊர் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு பக்கம் புதுப்பட்டி. பிற்பாடு நம்ம உத்திரமேரூர் பக்கத்தில் ஆசிரியையாக வேலை பார்த்தவர். அதனால் பாதி நம்ம ஊர்க்காரர் என்றும் சொல்லிக்கொள்ளலாம். அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன், 1950-இல் பிறந்தவர், புதுச்சேரியில் தமிழ்ப் பேராசிரியர், பெரிய ஆராய்ச்சியாளர். 2024 நவம்பரில் காலமானார். இரண்டு பேரும் ஒரே தலித் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள். அப்பா ராணுவத்தில் இருந்தவர். பாட்டி நிலக்காரர் வீட்டில் வேலை செய்தவர்.

பாமா 1992-இல் எழுதிய 'கருக்கு' புத்தகத்தில் தன் சின்ன வயசு சம்பவம் ஒன்றைச் சொல்கிறார். அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு, கடைத்தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறார். வழியில் களத்துமேட்டில் நெல் போரடிக்கிறார்கள். நிலக்காரர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்காக அந்தத் தெருப் பெரியவர் ஒருவர் கடையிலிருந்து பலகாரப் பொட்டலம் வாங்கி வருகிறார். பொட்டலத்தில் கை படாமல், அதைக் கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். வயசான மனுஷன் இப்படி வருவதைப் பார்த்துச் சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பொட்டலம் அவிழ்ந்து வடை கீழே விழுந்துவிடுமே என்று வேறு நினைப்பு. வீட்டுக்கு ஓடி அண்ணனிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

அண்ணன் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்காக அப்படித் தூக்கிக்கொண்டு வரவில்லை, நாம் தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி வருகிறார் என்று விளக்கிச் சொல்கிறார். அதைக் கேட்டதும் சிறுமியின் சிரிப்பு போய்விடுகிறது. அந்தப் பொட்டலத்தைத் தானே போய்த் தொட்டுவிட வேண்டும் என்று ஆத்திரம் வருகிறது.

இதைப் படித்தபோது நாங்கள் யோசித்தது இதுதான். கண் எதிரே அநியாயம் நடக்கிறது. பிள்ளை அதைப் பார்த்தும் விட்டது. ஆனால் அது அநியாயம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை, வேடிக்கையாகத்தான் தெரிந்தது. எட்டு வயசு மூத்த அண்ணனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சிரித்தவளுக்கு உணர்ச்சி இல்லை என்று அர்த்தமா? இல்லையே! யாரும் அதுவரை சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளுக்குள் இருக்கிற வித்தியாசத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது என்று எங்களுக்குப் படுகிறது.

அந்த அண்ணன் தன் அனுபவம் ஒன்றையும் சொல்வார். படித்துவிட்டு லீவில் ஊருக்கு வந்தவர், புத்தகம் எடுக்கப் பக்கத்து ஊர் நூலகம் போய்விட்டுக் கண்மாய்க் கரையில் நடந்து வருகிறார். ஆதிக்க சாதிக்காரர் ஒருவர் பின்னால் வந்து, யாரப்பா, பேர் என்ன, எந்தத் தெரு என்று விசாரிக்கிறார். எந்தத் தெரு என்றால் எந்தச் சாதி என்று அர்த்தம். அண்ணன் தன் சாதியையும் தெருவையும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு விறுவிறு என்று நடந்துவிடுகிறார். அந்த ஆளுக்குக் கோபம். பாட்டியைக் கூப்பிட்டு உன் பேரன் திமிராகப் பேசுகிறான் என்று சொல்கிறார்கள். பாட்டிதான் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறார். பாட்டியின் நியாயம் வேறு. அவர்கள் வீட்டில்தான் அவருக்குச் சோறு. நூலகத்தில் அதே அண்ணன் கையெழுத்துக்குப் பக்கத்தில் எம்.ஏ. என்று போட்டதும், உடனே உட்கார ஸ்டூல் வந்ததாம், 'சார்' என்று மரியாதையும் வந்ததாம். அதனால் தங்கச்சிக்கு அவர் சொன்ன வழி: நல்லாப் படி, படித்து மேலே வந்தால் இந்த அவமானத்தையெல்லாம் தூக்கி எறியலாம். பாமாவும் படித்தார். வகுப்பில் முதலாவதாக வந்தார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா தெரு பெயரைக் கேட்டதும் விலகி எழுந்துபோனபோது, பாமா இடத்தை விட்டு அசையவில்லை. வேறு சாதிப் பெயரைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று அம்மா சொன்னபோது, நான் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று கோபம். படித்து ஆசிரியையாகி, பிறகு ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்யலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கேயும் ஏற்றத்தாழ்வு இருப்பதைப் பார்த்து 1992-இல் வெளியே வந்துவிட்டார். அதே வருஷம் கருக்கு வந்தது. அண்ணன் பழைய இலக்கியங்களையும் சரித்திரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, இந்த ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது என்று பக்கம் பக்கமாக ஆராய்ந்தார். தங்கச்சி தெருவில் பேசுகிற பேச்சிலேயே தெருக்கதையை எழுதினார். அதற்குச் சொந்த ஊர்க்காரர்களே கோபித்துக்கொண்டு சில மாதம் அவரை ஊருக்குள் வரவிடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1994-இல், 'சங்கதி' என்று இன்னொரு புத்தகம் எழுதினார். அது முழுக்கப் பெண்கள் கதை. ஆண் குழந்தை அழுதால் உடனே தூக்குவார்கள், பெண் குழந்தை அழுதால் அப்படி இல்லை. பாட்டிக்குப் பேரன் மேல் ஒரு பாசம், பேத்தி மேல் ஒரு பாசம். இதெல்லாம் அதில் வருகிறது. தெருவுக்கும் தெருவுக்கும் நடுவில் இருந்த அநியாயத்தை அண்ணன் காட்டிக்கொடுத்தார். வீட்டுக்குள்ளே, சோற்றுத் தட்டுக்கும் சோற்றுத் தட்டுக்கும் நடுவில் இருந்ததைத் தங்கச்சியேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அதிகம் கிடைத்தவனுக்குத் தெரியுமா?

2015-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. இந்தியா, கனடா, அமெரிக்கா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா என்று ஏழு நாட்டுப் பிள்ளைகளை வைத்து நடத்தியது. இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைப்பார்கள். நடுவில் இரண்டு தட்டில் தின்பண்டம். ஒரு பிள்ளையின் கையில் மட்டும் முடிவு. சரி என்றால் அவரவர் தட்டில் இருப்பது அவரவர்க்கு. வேண்டாம் என்றால் இரண்டு பேருக்குமே கிடையாது. 'எனக்கு ஒன்று, அவனுக்கு நாலு' என்று வைத்தால், ஏழு நாட்டிலும் ஒரு வயசு வந்த பிள்ளைகள் வேண்டாம் என்று தள்ளினார்கள். தனக்கு இருக்கிற ஒன்றும் போனாலும் பரவாயில்லை, இந்த அநியாயம் வேண்டாம் என்று! 'எனக்கு நாலு, அவனுக்கு ஒன்று' என்று மாற்றி வைத்தால்? அதையும் அநியாயம் என்று தள்ளியவர்கள் கனடா, அமெரிக்கா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளின் மூத்த பிள்ளைகள் மட்டும்தான். நம்ம நாட்டுப் பிள்ளைகளிடம் அது தெரியவில்லை.

ஒரே ஒரு ஆய்வை வைத்து நம்ம பிள்ளைகள் சுயநலக்காரர்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் ஒன்று புரிகிறது. குறைத்துக் கொடுத்தால் எல்லாப் பிள்ளைக்கும் தானாகவே சுருக்கென்று படும். கூட்டிக் கொடுத்தால் அதை உணர யாராவது பழக்க வேண்டும். முட்டை தன் தட்டில் விழுந்த தம்பிக்கு, அக்கா தட்டில் விழவில்லை என்பது கண்ணிலேயே பட்டிருக்காது. அவர் கெட்டவர் இல்லை. பத்திர ஆபீசில் பட்டுப்புடவை வாங்கி வைத்துக்கொண்டு நின்றபோது, தாராளமாகத்தான் நடந்துகொள்கிறோம் என்று அவர் நினைத்திருக்கலாம்.

எல்லாப் பையன்களும் அப்படி என்றும் இல்லை. நாங்கள் போகிற ஒரு குப்பத்தில் ஒரு பையன், தனக்குப் போட்ட மீன் துண்டில் பாதியை ஒளித்துவைத்து அக்காவுக்குக் கொடுப்பானாம். ஆயா பார்த்துவிட்டு, பொட்டப்புள்ள பின்னாடி சுத்துறான் என்று கேலி செய்தாராம். அதற்கப்புறம் அவன் கொடுப்பதில்லை. அவன் அம்மா எங்களிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டியில் நாலு பிள்ளைகள்

அம்பேத்கர் தன் சின்ன வயசு அனுபவம் ஒன்றை 1930-களில் எழுதி வைத்திருக்கிறார். 1901-ஆம் வருஷம். அவருக்கு ஒன்பது, பத்து வயசு. அவரும், அவர் அண்ணனும், மூத்த அக்காவின் மகன்கள் இரண்டு பேரும் வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்க ரயில் ஏறுகிறார்கள். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி. மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் கூட்டிப்போக யாரும் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரிக்கிறார். என்ன சாதி என்று தெரிந்ததும் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டிக்காரர் கூடவே நடந்து வர, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். மூட்டையில் சாப்பாடு நிறைய இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லை. கேட்ட இடத்தில் யாரும் தரவில்லை. ராத்திரி முழுக்கத் தாகத்தோடும் பசியோடும் கிடந்தார்கள்.

அந்த வண்டியில் நாலு பிள்ளைகள். தாகம் நாலு பேருக்கும் ஒன்றுதான். அதை எழுதி உலகத்துக்குச் சொன்னவர் ஒருவர். மற்ற மூன்று பேரின் மனசில் அந்த ராத்திரி எப்படித் தங்கியது? நமக்குத் தெரியாது. தெரியாது என்பதால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

அதே குடும்பத்தில் இன்னொருவர் உண்டு. சதாராவில் இவர்களுக்கு முடி வெட்ட எந்த நாவிதரும் சம்மதிக்கவில்லை. காசு இல்லாமல் இல்லை, சாதிதான் காரணம். அதனால் அக்காவே கத்தரியை எடுத்தார். தம்பிகளுக்கு வெட்டி வெட்டி, தொழில் தெரிந்தவர் மாதிரியே கை பழகிவிட்டது என்று அம்பேத்கர் எழுதுகிறார். அந்த அக்கா மேடையில் பேசவில்லை, எதையும் எழுதி வைக்கவில்லை. அவமானப்பட்டுத் தம்பிகள் அடுத்தவர் வாசலில் நிற்கக் கூடாது என்று கத்தரி எடுத்தார். அதையும் ஒரு எதிர்ப்பு என்றுதான் நாங்கள் எண்ணுகிறோம். ஆனால் அதைப் பார்ப்பவர்கள் 'பாவம், பொறுமைசாலி' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

நம்ம மாவட்டத்துக்காரர் ஒருவரையும் சொல்லிவிடுகிறோம். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர் ரெட்டமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படிக்கும்போது தன் சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து யாரோடும் பழகாமல், மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். அப்படி ஒதுங்கி நின்ற பையன் 1893-இல் தன் சாதிப் பெயரையே தலைப்பாக வைத்துப் பத்திரிகை ஆரம்பித்தார். 1930-இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேஜை மாநாட்டில் உட்கார்ந்து பேசினார். பள்ளிக்கூடத்தில் அவரைப் பார்த்த வாத்தியார் 'ஊமைப் பையன்' என்றுதான் நினைத்திருப்பார்.

முதல் முறை கேட்டபோது

மறுபடியும் நம்ம வீட்டுக்கு வருவோம். ஒரு பிள்ளை வாயாடி, ஒரு பிள்ளை அமுக்கு, ஒரு பிள்ளை சமத்து. இப்படித்தானே நாம் பேர் வைக்கிறோம்? வைத்த பேரை அந்தப் பிள்ளைகளும் விடாமல் காப்பாற்றுகிறார்கள். "உனக்குத்தான் பெரிய ரோசம், உன் தங்கச்சியப் பாரு, எவ்ளோ அடக்கமா இருக்கா" என்று சொல்லும்போது இரண்டு பிள்ளையின் வாயையும் ஒரே பேச்சில் அடைத்துவிடுகிறோம். கேட்டவளுக்கு, கேட்டது தப்பு என்று ஆகிறது. கேட்காதவளுக்கு, இனிமேலும் கேட்கக் கூடாது என்று ஆகிறது.

பிள்ளைகள் எதிர்த்துக் கேட்பதும் கேட்காததும் பிறவிக் குணம் மட்டும் இல்லை. குணத்துக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதல் முறை வாய் திறந்தபோது என்ன கிடைத்தது என்பது ரொம்ப முக்கியம். பாமாவுக்குக் கிடைத்தது அண்ணனின் விளக்கம். மீனைப் பங்கு போட்ட பையனுக்குக் கிடைத்தது கேலி. சில பிள்ளைகளுக்குக் கிடைப்பது அடி. அடி வாங்குகிற பிள்ளைகளில் சிலர் தனக்குக் கீழே இருக்கும் தம்பி தங்கச்சியை அடிப்பார்கள். சிலர் பலசாலி பக்கம் சேர்ந்துகொள்வார்கள். சிலர் சாப்பாட்டைக் குறைப்பார்கள், பள்ளிக்கூடம் போக வயித்து வலி என்பார்கள். இவற்றில் எதையும் 'கோபம்' என்று நாம் கண்டுகொள்வதில்லை. கத்தினால்தான் கோபம் என்று நினைக்கிறோம்.

அமைதியாக இருக்கும் பிள்ளையிடம் நாலு பேர் எதிரில் கேட்டால் ஒன்றும் வராது. தலை பின்னும்போது கேளுங்கள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் பிள்ளைகள் பேசுவார்கள். பள்ளிக்கூடத்திலோ வெளியிலோ பெரிய கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்தால் 1098-க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது.

பெரியக்கா சொன்னது

பெரியக்கா வீட்டுக்குப் போனபோது அவர் துடைப்பத்துக்கு ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். இப்போது 52 வயசு. தங்கச்சி கேட்ட கேள்வியை அப்படியே சொன்னோம். கொஞ்ச நேரம் கிழித்துக்கொண்டே இருந்தார்.

"கோவம் வரலன்னு யாரு சொன்னா?" என்றார்.

"தம்பி பொறந்து அடுத்த வருசம், என்ன பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திட்டாங்க. புள்ளைங்களத் தூக்கி வெச்சிக்க ஆளு இல்ல. ஒரு நாள் ராத்திரி நைனா சாப்புட்டுனு இருக்கும்போது கேட்டேன். தம்பி பெரியவனானா அவன பள்ளிக்கூடம் அனுப்புவியா நைனா, அப்போ நானு? அவ்ளோதான் கேட்டேன். நைனா என்ன அடிக்கல மேடம். எழுந்து போய் அம்மாவ அடிச்சாரு. நீ வளர்த்த லட்சணம்னு சொல்லி அடிச்சாரு. அம்மா காதுல ரத்தம். நான் வாயத் தொறந்தா அடி அம்மாவுக்கு விழுதுன்னு அன்னிக்குத் தெரிஞ்சிக்கினேன். அதுக்கப்புறம் கேக்கல."

அப்போது நடுவுள்ளவருக்கு நாலு வயசு. திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தாராம். அவருக்கு இது தெரியாது.

இன்னொன்றும் சொன்னார். நடுவுள்ளவரையும் மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டு வேலைக்கு அனுப்ப வீட்டில் பேச்சு வந்ததாம். அவளை விடுங்க, நான் போறேன் என்று இவர் கேளம்பாக்கம் உப்பளத்துக்குப் போனார். அப்போது வயசு பதின்மூன்று. உப்பில் நின்று நின்று கால் வெடித்த தழும்பு இன்னும் இருக்கிறது, காட்டினார்.

அப்படியென்றால் பத்திரத்தில் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டோம். அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அம்மா வீடு என்று போய் நிற்க இனி தம்பி வாசல்தான் இருக்கிறது என்றார். பிறகு தானாகவே, "அவ போடல இல்ல? எழுந்து வெளிய வந்துட்டா இல்ல? அன்னிக்கு உள்ளுக்குள்ள எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா" என்றார்.

சட்டத்தையும் சொல்லிவிட்டுத்தான் வந்தோம். உங்களுக்கும் சொல்கிறோம். இந்து குடும்பத்தில் அப்பா தானே சம்பாதித்த சொத்து, அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956 சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. பரம்பரைச் சொத்தில் மகளுக்குப் பங்கு தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது. அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு அது இல்லாமல் இருந்தது. 2005-இல் மத்திய சட்டம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்ததையும் விற்றதையும் இது தொடாது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் வாரிசுச் சட்டம் தனித்தனி. அவர்கள் தனியே விசாரிக்க வேண்டும். கையெழுத்துப் போடாதவர் பங்கு அவருடையதுதான். பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தை, மனசு மாறிவிட்டது என்று சொல்லித் திருப்பி வாங்க முடியாது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியிருந்தால், அது தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் நீதிமன்றம் போக வேண்டும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பெரியக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எனக்கு வழக்கெல்லாம் வேண்டாம் என்றார். கிளம்பும்போது, அந்த ராத்திரி நடந்ததைத் தங்கச்சியிடம் சொல்லலாமே என்று கேட்டுப் பார்த்தோம்.

"நேர்ல சொல்ல வாய் வராது மேடம். நீங்க மாசாமாசம் புஸ்தகத்துல எழுதுறீங்க இல்ல, அதுல எழுதுங்க. அவ படிக்கத் தெரிஞ்சவதான."